மோசடித் தடுப்பும் ஒரு தொழில்



தோட்டத்தில் என்னென்ன வேலை உண்டு என்று உங்கள் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். செம்பனைக் குலை வெட்டுவது, உதிரிப் பழம் பொறுக்குவது, உரம் போடுவது, மருந்து அடிப்பது, எங்கள் பாகான் டத்தோ பக்கம் என்றால் தேங்காய் உரிப்பது என்று மடமடவென்று சொல்வார்கள். வெளியுலகில் என்ன வேலை உண்டு என்று கேட்டால் டாக்டர், வக்கீல், ஆசிரியர், போலீஸ் என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. கண்ணில் பட்டதைத்தானே அவர்கள் சொல்ல முடியும்? இன்று நான் பேச எடுத்துக்கொண்ட தொழில் எனக்கே இரண்டு ஆண்டுகளுக்கு முன்புவரை தெரியாது. மோசடியைத் தடுப்பதையே முழுநேர வேலையாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அதற்கென்று படிக்கிறார்கள், தேர்வு எழுதுகிறார்கள், ஒருவரோடொருவர் தொடர்பு வைத்துக்கொள்கிறார்கள். அவர்களைப் பற்றி எனக்குத் தெரியவந்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு நாள் பகல், பள்ளி விட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தேன். வாசலில் ஒரு பெரியவர். தோட்டத்தில் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணில் புரை விழுந்திருந்தது. கையில் ஒரு கைத்தொலைபேசி. "சார், இந்த நம்பரை மட்டும் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. வேற ஒன்னும் கேக்காதீங்க" என்றார்.

நேயர்களே, முப்பது பேருக்கு முன்னால் நின்று தண்டலாக வேலை வாங்கிய மனிதர் அவர். அவருடைய குரல் அன்று நடுங்கியது. நம்பரைப் பார்த்தேன். வங்கிக் கணக்கு எண். "யாருடைய கணக்கு ஐயா?" என்று கேட்டேன். "கேக்காதீங்கன்னு சொன்னேனே சார்" என்று திரும்பிப் போகப் பார்த்தார். கையைப் பிடித்து உட்கார வைத்து, ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்த பிறகுதான் கதை வந்தது.

காலையில் ஓர் அழைப்பு. அவருடைய பெயரில் ஒரு பொட்டலம் வந்திருக்கிறதாம். அதில் போதைப் பொருள் இருக்கிறதாம். பிறகு 'போலீஸ் அதிகாரி' ஒருவர் பேசினார். கைது ஆணை தயாராக இருக்கிறது, சேமநிதிப் பணத்தை விசாரணை முடியும்வரை அரசாங்கக் கணக்கில் பாதுகாப்பாக வைக்க வேண்டும், மகனிடம்கூட மூச்சுவிடக் கூடாது, விட்டால் மகனையும் பிடிப்போம் என்றார். பெரியவர் ஐயாயிரம் வெள்ளியை அப்போதே அனுப்பிவிட்டார். இரண்டாவது முறை பன்னிரண்டாயிரம். அதற்கு வேறொரு கணக்கு எண் கொடுத்தார்கள். அந்த எண்ணைப் படிக்க முடியாமல்தான் என்னிடம் வந்தார். அவருடைய கண் புரைக்கு நான் நன்றி சொன்ன நாள் அது ஒன்றுதான்.

இப்படிப்பட்ட மோசடியை இந்நாட்டில் 'மக்காவ் மோசடி' என்பார்கள். போலீஸ், நீதிமன்றம், வருமான வரி, அஞ்சல் என்று வேடம் மாறும். உள்ளே இருக்கும் வித்தை ஒன்றுதான். ஆளைத் தனிமைப்படுத்துவது. 'யாரிடமும் சொல்லாதே' என்ற அந்த ஒரு வார்த்தை இல்லாவிட்டால் இந்த மோசடி ஒரு மணி நேரம்கூட நிற்காது.

நான் 997 என்ற எண்ணை அழைத்தேன். எங்கேயோ சுவரொட்டியில் பார்த்த ஞாபகம். அந்தப் பக்கம் பேசியவர் பதற்றப்படவில்லை. எங்களைத் திட்டவும் இல்லை. எந்த வங்கி, எந்த நேரம், எவ்வளவு, எந்தக் கணக்குக்கு என்று நான்கு கேள்விகள் கேட்டார். பெரியவர் அழ ஆரம்பித்தபோது, "பக்சிக், நீங்கள் தவறு செய்யவில்லை, நேரத்தை மட்டும் சரியாகச் சொல்லுங்கள்" என்று மலாயில் பொறுமையாகச் சொன்னார். அந்தப் பொறுமை பயிற்சியால் வந்தது என்று பிறகுதான் புரிந்துகொண்டேன்.

997 என்பது தேசிய மோசடி எதிர்ச்செயல் மையத்தின் எண். 2022ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் இந்த மையம் தொடங்கப்பட்டது. போலீஸ், பேங்க் நெகாரா, தகவல் தொடர்பு பல்லூடக ஆணையம், தேசிய நிதிக் குற்றத் தடுப்பு மையம், வங்கிகள், தொலைபேசி நிறுவனங்கள் ஆகியவை இதில் ஒன்றாகச் சேர்ந்து இயங்குகின்றன. இப்படிச் சேர வேண்டிய அவசியம் என்ன என்பதை நாம் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

திருடப்பட்ட பணம் ஒரு கணக்கில் தங்குவதில்லை. ஐயாயிரம் வெள்ளி முதல் கணக்கில் விழுகிறது. சில நிமிடத்தில் அது இரண்டாகப் பிரிந்து வேறு இரண்டு வங்கிகளுக்குப் போகிறது. அங்கிருந்து நான்கு கணக்கு. பிறகு யாரோ ஒருவர் இயந்திரத்தில் ரொக்கமாக எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். முன்பெல்லாம் பணத்தை இழந்தவர் வங்கிக்குப் போவார். வங்கி போலீசுக்குப் போகச் சொல்லும். போலீஸ் புகாரை எழுதிக்கொண்டு வங்கிக்குக் கடிதம் போடும். வங்கி தன்னிடம் உள்ளதைச் சொல்லும். ஆனால் பணம் அடுத்த வங்கிக்குப் போய்விட்டது, ஆகவே அடுத்த வங்கிக்கு இன்னொரு கடிதம். கடிதம் நடந்து போகும். பணம் பறந்து போகும். ஒவ்வோர் அதிகாரியும் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தார். ஆனால் ஒவ்வொருவருக்கும் கதையின் ஒரு துண்டுதான் தெரிந்தது.

இதைத்தான் இப்போது மாற்றப் பார்க்கிறார்கள். ஓர் அழைப்பு வந்தவுடன் சம்பந்தப்பட்ட வங்கிகளுக்கு உடனே செய்தி போகிறது; பணம் எங்கே நிற்கிறதோ அங்கே அதை நிறுத்திவைக்க முயல்கிறார்கள். 2024ஆம் ஆண்டில் இதற்கென்றே தேசிய மோசடித் தளம் என்ற கணினி ஏற்பாடு வந்தது. வங்கிகள் ஒன்றாகச் சேர்ந்து பணத்தின் தடத்தைப் பின்பற்ற அது வழி செய்கிறது. அண்டை நாடான சிங்கப்பூரில் 2019ஆம் ஆண்டே போலீஸ் துறையில் மோசடித் தடுப்பு மையம் அமைத்தார்கள். பின்னர் வங்கி ஊழியர்களே போலீசாரோடு ஒரே இடத்தில் உட்கார்ந்து வேலை செய்யத் தொடங்கினார்கள். இந்தியாவில் இதே வேலைக்கு 1930 என்ற எண் இருக்கிறது. தமிழ்நாட்டில் உறவினர் உள்ளவர்கள் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

சரி, இந்த மையங்களில் உட்கார்ந்திருப்பவர்கள் எதைப் படித்துவிட்டு வருகிறார்கள்? கணக்கியல் படித்தவர் உண்டு, சட்டம் படித்தவர் உண்டு, கணினி படித்தவர் உண்டு, போலீசில் இருந்தவர் உண்டு. இவர்களையெல்லாம் ஒரே தொழில்காரர்களாக ஆக்கிய அமைப்புகளுள் பெரியது அமெரிக்காவில் 1988ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. ஜோசப் வெல்ஸ் என்பவர் தொடங்கினார். அவர் கணக்காளர், அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறையிலும் பணியாற்றியவர். சான்று பெற்ற மோசடி ஆய்வாளர் சங்கம் என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் அதன் தலைமையகம் இருக்கிறது. மலேசியாவிலும் கிளை உண்டு. பணம் கைமாறும் விதமும் அதில் நடக்கும் சூழ்ச்சிகளும், சட்டம், புலன்விசாரணை, தடுப்பு முறை என்று நான்கு பாடங்களில் தேர்வு வைக்கிறார்கள். தேர்ச்சி பெற்றால் மட்டும் போதாது. ஆண்டுதோறும் இருபது மணி நேரமாவது தொடர்ந்து படிக்க வேண்டும். எங்கள் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலும் அப்படி ஒரு விதி இருந்திருந்தால் நான்கூட இன்னும் கொஞ்சம் நல்ல ஆசிரியராக ஆகியிருப்பேனோ என்னவோ!

ஏன் ஆண்டுதோறும் படிக்க வேண்டும்? திருடன் ஆண்டுதோறும் புதிதாகப் படிக்கிறான். பூட்டு மாறினால் சாவியும் மாறுகிறது.

இத்துறையில் எல்லாரும் முதலில் படிக்கும் பாடம் ஒன்று உண்டு. டொனால்ட் கிரெசி என்ற சமூகவியல் அறிஞர் சிறைச்சாலைகளுக்குப் போய், நம்பி ஒப்படைத்த பணத்தைக் கையாடல் செய்து தண்டனை பெற்றவர்களோடு பேசினார். 1953ஆம் ஆண்டில் தம் ஆய்வைப் புத்தகமாக வெளியிட்டார். அதிலிருந்து வளர்ந்த பாடம் இதுதான்: நல்லவன் என்று பேரெடுத்த ஒருவன் மோசடி செய்ய மூன்று சேர வேண்டும். வெளியே சொல்ல முடியாத ஒரு நெருக்கடி, கைக்கு எட்டிய ஒரு வாய்ப்பு, மனத்தைச் சமாதானப்படுத்த ஒரு சாக்கு. மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டால் மோசடி நடப்பது கடினம். வாய்ப்பை வங்கி அடைக்கலாம். நெருக்கடியையும் சாக்கையும் யார் அடைப்பது? அவை வீட்டில் இருப்பவை.

இதைப் படித்தபோது எனக்கு என்னிடம் படித்த ஒரு மாணவன் நினைவுக்கு வந்தான். அவன் பெயர் வேண்டாம். ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு ஒரு தொழிற்சாலையில் வேலை. மோட்டார் சைக்கிளுக்கு மாதத் தவணை. நண்பனின் நண்பன் ஒருவன் வந்து, "உன் ஏ.டி.எம். அட்டையையும் ரகசிய எண்ணையும் ஒரு மாதத்துக்குக் கொடு, முந்நூறு வெள்ளி தருகிறேன், வியாபாரக் கணக்குக்கு வேண்டும்" என்றான். கணக்கில் இருந்ததோ பன்னிரண்டு வெள்ளி. போனால் என்ன போய்விடும்? கொடுத்துவிட்டான். மூன்றாம் வாரம் போலீஸ் வந்தது. யாரோ ஒரு விதவையின் பணம் அவன் கணக்கு வழியாகப் போயிருந்தது. கிரெசி சொன்ன மூன்றையும் எண்ணிப் பாருங்கள். தவணை நெருக்கடி, அட்டை கேட்டு வந்த ஆள் வாய்ப்பு, 'நான் யாரையும் ஏமாற்றவில்லையே, அட்டையைத்தானே கொடுத்தேன்' என்பது சாக்கு. அவனுடைய தாயார் என்னிடம் வந்து அதே வார்த்தையைத்தான் சொன்னார். "என் புள்ள திருடல சார், அட்டைய மட்டுந்தான் குடுத்தான்."

இத்தகைய கணக்குகளுக்குப் பெயர் 'மியூல்' கணக்கு. மியூல் என்றால் கோவேறு கழுதை. சுமையில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது; ஆனால் பிடிபடுவது அதுதான். 2024ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் தேதி முதல் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டத் திருத்தம், கணக்கையோ அட்டையையோ இப்படிப் பிறர் கையில் கொடுப்பதையும் பிறருடையதை வைத்திருப்பதையும் தனிக் குற்றமாகவே ஆக்கியிருக்கிறது. சிறைத் தண்டனை உண்டு. 'எனக்குத் தெரியாது' என்று சொல்லித் தப்புவது முன்போல் எளிதன்று. பெரியவருடைய ஐயாயிரம் வெள்ளி முதலில் போய் விழுந்த கணக்கும் ஓர் இளைஞனுடையது என்று பின்னால் கேள்விப்பட்டோம். ஆக ஒரு தோட்டத்துக் கிழவரின் சேமநிதி இன்னொரு வீட்டுப் பிள்ளையின் அட்டை வழியாகப் போகிறது. எடுத்துக்கொண்டு போகிறவன் இருவருக்கும் முகம் தெரியாதவன்.

இந்த இடத்தில் சிலர் கேட்கலாம்: தொடர்பு, தொடர்பு என்கிறீர்களே, நாங்கள் என்ன தனியாகவா இருக்கிறோம்? லயத்தில் ஒரு வீட்டில் குழம்பு தாளித்தால் பத்து வீட்டுக்குத் தெரியுமே? உண்மைதான். ஆனால் பேராக் மக்களாகிய நாம் மறக்கக் கூடாத ஒன்று உண்டு. 1980ஆம் ஆண்டுகளில் தைப்பிங் வட்டாரத்தில் பாக் மான் தெலோ என்று அழைக்கப்பட்ட ஒருவர், மாதாமாதம் இலாபம் தருவதாகச் சொல்லிப் பல்லாயிரம் பேரிடம் பணம் வாங்கினார். முதலில் போட்டவர்களுக்குப் பணம் வந்தது. அதைப் பார்த்து அண்ணன் தம்பியிடம் சொன்னார், தம்பி மைத்துனரிடம் சொன்னார். விளம்பரமே தேவைப்படவில்லை. சொந்தபந்தமே விளம்பரம். கடைசியில் போட்டவர்கள் கைவிரித்து நின்றார்கள். நம்மிடையே கூட்டுப் பிடிக்கும் பழக்கமும் அப்படித்தான். நாலு பேர் நம்பிக்கையில் தொடங்குவது. ஆனால் பிடிக்கிறவர் ஓடிவிட்டால் கேட்க நாதியில்லை. கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதை இந்நாட்டுச் சட்டம் 1971ஆம் ஆண்டிலேயே தடுத்துவிட்டது என்பது இன்னும் பலருக்குத் தெரியாது.

1986ஆம் ஆண்டில் நடந்தது இதைவிடப் பெரிது. வைப்புத் தொகை வாங்கிய 24 கூட்டுறவுச் சங்கங்களின் நடவடிக்கைகள் முடக்கப்பட்டன. ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் சேமிப்பு அவற்றில் மாட்டிக்கொண்டது. வங்கிகளைப் போலவே பணம் வாங்கின. ஆனால் வங்கிகளைப் போல பேங்க் நெகாராவின் நேரடி மேற்பார்வையில் அவை இருக்கவில்லை. என் தகப்பனார் தலைமுறையினர் வெகுகாலம் இதைச் சொல்லிச் சொல்லி, பணத்தைத் தகர டப்பாவில் வைத்திருந்தார்கள். அது ஒரு தீர்வாகாது என்பதற்கு எங்கள் வீட்டுக் கரையானே சாட்சி.

ஆக, பழக்கம் மட்டும் இருந்து பயிற்சி இல்லாவிட்டால், மோசடி நம் பழக்கத்தின் மீதே ஏறி வருகிறது. பயிற்சி இருந்து பழக்கம் இல்லாவிட்டால், கடிதம் நடந்து பணம் பறந்த கதை. இந்தத் தொழில்காரர்கள் மாநாடு கூடுவதும், ஒரு வங்கியில் கண்ட புதுச் சூழ்ச்சியை அடுத்த வங்கிக்குச் சொல்வதும் இதற்காகத்தான். தொழில் போட்டி இருந்தாலும் திருடனைப் பற்றிய செய்தியில் போட்டி இல்லை என்பது அவர்களிடையே வளர்ந்துள்ள வழக்கம். நம் மளிகைக் கடைக்காரர்களும் கள்ள நோட்டு வந்தால் பக்கத்துக் கடைக்குக் குரல் கொடுக்கிறார்கள் அல்லவா, அதே காரியம்.

நான் முன்பு சொன்ன சங்கம் உலகெங்கும் நடந்த மோசடிகளை ஆராய்ந்து இரண்டாண்டுக்கு ஒருமுறை அறிக்கை வெளியிடுகிறது. நிறுவனங்களுக்குள் நடக்கும் மோசடி எப்படி வெளியே வருகிறது என்று பார்த்தார்கள். 2024ஆம் ஆண்டு அறிக்கையின்படி 43 விழுக்காடு, யாரோ ஒருவர் வாய் திறந்து சொன்னதால் வெளிவந்தவை. கணக்குத் தணிக்கை, கணினி எல்லாம் அதற்கு வெகு பின்னால். அப்படிச் சொன்னவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் சாதாரண ஊழியர்கள். தோட்டத்துச் சம்பளச் சீட்டில் கழிவு சரியில்லை என்று முதலில் கண்டுபிடிப்பது யார்? அலுவலகக் கிராணியா? எழுத்துக் கூட்டிப் படிக்கும் அம்மா ஒருவர்தான்.

வங்கிக்குப் போனால் இப்போதெல்லாம் அலைக்கழிக்கிறார்கள் என்று நம் மக்கள் குறைபட்டுக்கொள்கிறார்கள். புதுக் கைத்தொலைபேசியில் வங்கிச் சேவையைப் பதிவு செய்தால் உடனே பணம் அனுப்ப முடிவதில்லை; சில மணி நேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. ஒரே ஒரு கருவியில்தான் அனுமதி கொடுக்க முடிகிறது. இவை 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் பேங்க் நெகாரா வங்கிகளுக்கு அறிவித்த பாதுகாப்பு நடவடிக்கைகளைச் சேர்ந்தவை. அந்தச் சில மணி நேரம் உங்களுக்குத் தொல்லை; திருடனுக்கு அதைவிடப் பெரிய தொல்லை. மாதம் இருநூறு வெள்ளி எடுக்கும் ஓய்வுபெற்றவர் திடீரென்று புதுக் கணக்குக்குப் பன்னிரண்டாயிரம் அனுப்பினால், எங்கேயோ ஒரு மேசையில் ஓர் அதிகாரி புருவத்தை உயர்த்த வேண்டும். அதுவும் இந்தத் தொழிலின் ஒரு பகுதி. அவர் உங்களை அழைத்து இரண்டு கேள்வி கேட்டால் கோபப்படாதீர்கள். ஆனால் ஒன்று: அழைத்தவர் ரகசிய எண்ணைக் கேட்டாலோ, பணத்தை வேறு கணக்குக்கு மாற்றச் சொன்னாலோ அவர் வங்கிக்காரர் அல்லர். பேச்சை நிறுத்திவிட்டு, உங்கள் அட்டையின் பின்புறம் உள்ள எண்ணை நீங்களே அழைத்துக் கேளுங்கள்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகளில் கணக்கில் கெட்டிக்காரன் ஒருவன் இருப்பான். எதற்கெடுத்தாலும் ஏன், எப்படி என்று நச்சரிக்கும் பெண் ஒருத்தி இருப்பாள். இருவருக்கும் இந்தத் துறையில் இடம் உண்டு. கணக்கியல், சட்டம், கணினி இவற்றில் ஒன்றில் பட்டம் பெற்று, வங்கியிலோ தணிக்கை நிறுவனத்திலோ போலீஸ் வணிகக் குற்றப் பிரிவிலோ சேர்ந்து அனுபவம் பெற்றபின் மேற்சொன்ன சான்றிதழ்த் தேர்வை எழுதலாம். கோலாலம்பூரில் உள்ள ஆசிய வங்கியாளர் கல்விக்கழகமும் வங்கித் துறையினருக்குத் தொழில்முறைத் தகுதித் தேர்வுகள் நடத்துகிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பயந்துபோன ஒரு கிழவர் தம் பயத்தைத் தம் தாய்மொழியில்தான் முழுதாகச் சொல்வார். அன்று தொலைபேசியில் நான் மொழிபெயர்த்தேன். நான் வீட்டில் இல்லாதிருந்தால்? தமிழும் மலாயும் ஆங்கிலமும் சரளமாகப் பேசும் ஒரு பெண் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

பெரியவருடைய பணம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இரண்டாவது தொகையான பன்னிரண்டாயிரம் போகவில்லை. முதலில் போன ஐயாயிரத்தில் ஆயிரத்துச் சொச்சம் வெள்ளி ஒரு வங்கியில் தடுத்து நிறுத்தப்பட்டது. மிச்சம் போனதுதான். தடுத்து வைத்த பணமும் உடனே கைக்கு வரவில்லை; விசாரணை, கடிதம் என்று பல மாதம் ஆயிற்று. அவர் பணம் அனுப்பி மூன்று மணி நேரம் கழித்து என்னிடம் வந்தார். மகனுக்குப் பயந்தார், மானத்துக்குப் பயந்தார். அந்த மூன்று மணி நேரம்தான் மிச்சப் பணத்தின் விலை.

ஆகவே ஒருவேளை உங்கள் வீட்டில் இப்படி நேர்ந்தால் முதலில் 997, அல்லது உங்கள் வங்கியின் அவசர எண். பிறகு போலீஸ் புகார். ஹூத்தான் மெலிந்தாங் ஆனாலும் தெலுக் இந்தான் ஆனாலும் அருகில் உள்ள எந்த நிலையத்திலும் கொடுக்கலாம். பணம் போன நேரம், தொகை, கணக்கு எண், அழைத்தவரின் எண் நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். தொலைபேசியில் உள்ள எதையும் அழிக்காதீர்கள். யாருக்காவது பணம் அனுப்புவதற்கு முன் சந்தேகம் இருந்தால், அந்தக் கணக்கு எண் மீது புகார் உண்டா என்று போலீசாரின் 'செமாக் மியூல்' சேவையில் பார்க்கலாம். ஆறாம் ஆண்டு மாணவனுக்கே அதைப் பார்க்கத் தெரியும். எழுதப் படிக்கச் சிரமம் உள்ளவர்கள் பக்கத்துத் தமிழ்ப்பள்ளிக்கு வாருங்கள். ஆசிரியர் யாராவது இருப்போம். எந்த நேரமானாலும் வீட்டுக் கதவைத் தட்டினாலும் சரி.